படிக்கும் அனுமதி

ஜூன் 5, திங்கள்

இன்றிலிருந்து சர்வர் என் பொறுப்பு. இதுவரை பார்த்துக்கொண்டிருந்த நவநீதன் சென்னைக்குப் போய்விட்டார். போகுமுன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு போனார். பாதிதான் எனக்குப் புரிந்தது. மீதியை நானே தோண்டி எடுக்க வேண்டும்.

எங்கள் மையத்துக்கு நான்கு இல்லங்கள். வீட்டில் அடி தாங்காமல் வந்தவர்கள், சாதி விட்டுக் கல்யாணம் செய்துகொண்டு ஓடி வந்தவர்கள் அங்கே தங்குகிறார்கள். இல்லங்கள் எந்த ஊரில், எந்தத் தெருவில் என்று இந்தத் திருச்சி அலுவலகத்தில் நான்கு பேருக்குத்தான் தெரியும்: இயக்குநர் பெர்னதத் மேடம், ஹெல்ப்லைன் போனில் இருக்கும் கஸ்தூரி அக்கா, வண்டி ஓட்டும் காஜா அண்ணன், இப்போது நான். வீட்டு ஆட்களிடம்கூடச் சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கினார்கள்.

போனில் ஓர் இணையதளத்தின் பெயரைத் தட்டினால் அதற்குரிய இணைய எண்ணைக் கண்டுபிடித்துக் கொடுப்பது டிஎன்எஸ் சர்வர். வெளியாருடையதைப் பயன்படுத்தினால், இல்லத்தில் இருப்பவர்கள் என்னென்ன தேடுகிறார்கள் என்பது வெளியாருக்குத் தெரியும். அதனால் மையத்துக்கென்று சொந்தமாக ஒன்று, லினக்ஸில் ஓடுகிறது. நான்கு இல்லங்களின் பெயர்களும் எண்களும் அதில் ஒரே கோப்பில் இருக்கின்றன.

அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு இல்லத்துக்கும் மேலே நவநீதன் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். தெரு, கதவு எண், இணைய லைன் போய்விட்டால் கூப்பிட வேண்டிய உள்ளூர் கேபிள்காரர் பெயர், அவர் நம்பர். அனுமதி 644. அதாவது சர்வருக்குள் கணக்கு வைத்திருக்கிற யார் வேண்டுமானாலும் படிக்கலாம். எப்போதோ வந்து போன தன்னார்வலர்களின் கணக்குகளெல்லாம் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

இந்த நோட்டு அலுவலக மேசையிலேயே இருக்கட்டும். வீட்டில் எழுத நேரம் கிடைப்பதில்லை.

ஜூன் 7, புதன்

பழைய கணக்குகளை மூடினேன். இல்லங்களின் கோப்பை 640 ஆக்கினேன். எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்கு எழுதலாம், சர்வர் மென்பொருளின் குழு படிக்கலாம், மற்றவர்களுக்கு ஒன்றும் கிடையாது. குழுவில் ஒரே மனிதக் கணக்கு என்னுடையது. சர்வரின் பதில்கள் அசல்தான் என்று காட்டும் கையொப்பச் சாவிகள் இருக்கும் ஃபோல்டரையும் இறுக்கினேன். அங்கேதான் தப்பு செய்தேன். சாவிகளுக்கு ரூட்டை உரிமையாளராக்கி, ரூட் மட்டும் படிக்கும்படி வைத்துவிட்டேன். மென்பொருள் ரூட்டாக ஓடுவதில்லை. அதற்கென்று ஒரு தனிப் பயனர் இருக்கிறது. அதனால் தன் சாவியைத் தானே படிக்க முடியாமல் நின்றுவிட்டது.

கொஞ்ச நேரம் நான்கு இல்லங்களிலும் இணையம் இல்லை, இணையம் வழியே ஓடும் ஹெல்ப்லைனும் இல்லை. கஸ்தூரி அக்கா மாடி ஏறி வந்தார்.

"வசுமதி, ஒரு பொண்ணு பேசிட்டிருந்தா. பாதியில கட் ஆயிடுச்சு."

"அக்கா, இப்ப வந்துடும்."

"வந்துடும். அவ திரும்பக் கூப்பிடுவாளான்னுதான் தெரியல."

சரிசெய்தேன். அந்தப் பெண் திரும்பக் கூப்பிடவில்லை. நேரமாகிவிட்டது, வீட்டுக்காரர் கீழே வந்து நிற்பார்.

ஜூன் 9, வெள்ளி

அந்தக் குறிப்புகளைக் கோப்பிலிருந்து எடுத்துவிடலாமா என்று மேடத்திடம் கேட்டேன். லைன் போனால் கஸ்தூரி அக்காவுக்கு அந்த நம்பர்கள் வேண்டும், வேறு பத்திரமான இடம் ஏற்பாடு செய்த பிறகு எடுக்கலாம் என்றார். அதுவரைக்கும் என்று ஒரு விதி போட்டேன். அந்தக் கோப்பை எந்தக் கணக்கு, எப்போது திறந்தாலும் சர்வர் குறித்து வைக்கும்.

சர்வருக்குள் நுழையக் கடவுச்சொல் கிடையாது. என் லேப்டாப்பில் இருக்கும் ஒரு சாவிக் கோப்புதான் வழி. அதற்கு 600. நான் மட்டும் படிக்கலாம். திடீரென்று ஏதாவது நின்றுபோனால் வீட்டிலிருந்தே பார்க்க வேண்டும் என்பதால் லேப்டாப்பை வீட்டுக்கு எடுத்துப் போகிறேன்.

ஜூன் 13, செவ்வாய்

கௌசிகா என்று ஒரு பெண் வந்திருக்கிறாள். இருபத்தொரு வயது. கரூர்ப் பக்கம். கூடப் படித்த அருள்குமாரைக் கோயிலில் கல்யாணம் செய்துகொண்டு ஒரு மாதம்தான் ஆகிறது. அவன் ஆட்கள் வேறு என்று இவள் மாமன்மார் தேடுகிறார்கள். அவனை வேறோர் இடத்தில் வைத்திருக்கிறார்கள். இவளைப் புதுக்கோட்டை இல்லத்துக்கு அனுப்புகிறார்கள்.

புதிதாக வருகிறவர்களின் போனைச் சுத்தம் செய்வது என் வேலை. இடம் காட்டுவதை நிறுத்தினேன், பழைய கணக்குகளை எடுத்தேன், அவள் அக்காவுக்குத் தெரிந்த கடவுச்சொல்லை மாற்றச் சொன்னேன். ஒவ்வொன்றையும் ஏன் என்று கேட்டாள். கெட்டிக்காரி. பேங்க் தேர்வுக்குப் படிக்கிறாளாம்.

"உங்க போனையும் இப்படித்தான் வெச்சிருக்கீங்களாக்கா?"

"ஆமா" என்றேன்.

பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் வீடியோவில் கூப்பிட்டார். மத்தியானம் சாப்பிட்டேனா என்று தினமும் பார்ப்பார். கௌசிகா தெரியாதபடி போனைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு பேசினேன். அவள் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொண்டாள்.

ஜூன் 15, வியாழன்

காலையில் அவர் தன் வாட்ஸப்பில் வந்த படத்தைக் காட்டினார். சாதிச் சங்கக் குழுவில் யாரோ போட்டிருக்கிறார்கள். காணவில்லை, கண்டவர்கள் தகவல் தரவும் என்று கௌசிகாவின் காலேஜ் படம். "பாவம், பெத்தவங்க எப்படித் துடிப்பாங்க" என்றார். இட்லி வெந்துவிட்டதா என்று பார்க்கப் போய்விட்டேன்.

ஜூன் 16, வெள்ளி

புதுக்கோட்டை இல்லத்தில் ரூட்டர் பழுது. காஜா அண்ணனோடு போனேன். இல்லத்துக்குப் போகிற நாளில் போன் அலுவலகப் பெட்டியில் இருக்க வேண்டும் என்பது விதி. அது நல்ல விதிதான். ஆனால் மத்தியான அழைப்பை எடுக்க முடியவில்லை.

இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் பாக்கியம் அக்கா கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தார். சுற்றிலும் செம்மண், வாசல் வரைக்கும். கௌசிகா மொட்டைமாடியில் எல்லாருடைய துணியையும் உலர்த்திக்கொண்டிருந்தாள். ரூட்டரை மாற்றியதும் முதலில் தன் ஆன்லைன் வகுப்பு வருகிறதா என்றுதான் பார்த்தாள். திரும்பி வரும்போது காஜா அண்ணன் தன் மகளுக்கு நர்சிங் சீட் கிடைத்ததைச் சொன்னார். கீரனூர் தாண்டும்வரை அதே பேச்சு.

அலுவலகம் வந்து போனை எடுத்தபோது பதினான்கு தவறிய அழைப்புகள்.

ஜூன் 17, சனி

சர்வரில் இரண்டு இடங்களில் அனுமதி சரிபார்த்தேன். பதிவுக் கோப்புகள் எல்லாருக்கும் திறந்து கிடந்தன. 640.

அவர் நேற்று மாலையிலிருந்து பேசவில்லை. மீட்டிங் என்று சொன்னேன். தலையை ஆட்டினார். பொதுவாகக் கோபப்படவே மாட்டார். கல்யாணமான இந்த ஏழு வருஷத்தில் ஒரு நாள் கை ஓங்கியதில்லை. கஸ்தூரி அக்காவிடம் வருகிற கதைகளைக் கேட்டால் நான் கொடுத்து வைத்தவள் என்றுதான் தோன்றும்.

ஜூன் 19, திங்கள்

நேற்று அத்தையைக் கண் பரிசோதனைக்குக் கூட்டிப் போனேன். காலையில் போனவர்கள் வர மூன்று மணி ஆகிவிட்டது. ஒரு கண்ணில் புரை. அவர் தலைவலி என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். திரும்பி வந்தபோது துணியெல்லாம் மடித்து வைத்திருந்தார். பேச ஆரம்பித்துவிட்டார்.

இன்று காலை வண்டியில் வரும்போது கேட்டார்:

"புதுக்கோட்டையில உனக்கு யாரைத் தெரியும் வசு?"

"யாரும் இல்லையே. ஏங்க?"

"சும்மாதான்."

நான் தூக்கத்தில் ஏதாவது உளறியிருக்க வேண்டும்.

ஜூன் 22, வியாழன்

கௌசிகாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

மத்தியானம் இரண்டு கார். அப்பாவுக்கு நெஞ்சுவலி, கடைசியாக ஒரு தடவை முகத்தைப் பார்க்க வேண்டும் என்று வாசலில் நின்று ஒரு பெண்பிள்ளை அழுதிருக்கிறாள். கௌசிகாவின் சித்தியாம். பாக்கியம் அக்கா கதவைத் திறக்கவில்லை. பின்பக்கச் சுவரேறி வந்திருக்கிறார்கள். தடுத்த பாக்கியம் அக்காவைத் தள்ளியதில் மணிக்கட்டு ஒடிந்துவிட்டது. மற்ற பெண்கள் அறையைத் தாழிட்டுக்கொண்டு ஹெல்ப்லைனுக்குக் கூப்பிட்டார்கள். கஸ்தூரி அக்கா போனைக் காதில் வைத்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். போனுக்குள்ளிருந்து சத்தம் எனக்கும் கேட்டது.

ஜூன் 23, வெள்ளி

போலீஸ் வந்தார்கள். கார் நம்பரை யாரும் பார்க்கவில்லை. பெற்றவர்கள் வீட்டில் ஆள் இல்லை, பூட்டிக் கிடக்கிறது. மற்ற பெண்களை விடியும் முன் வேறு இல்லத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

மேடம் எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். முகவரி தெரிந்தவர்கள் நான்கே பேர். காஜா அண்ணனின் மச்சினி கரூரில் இருக்கிறாள் என்பது பேச்சில் வந்தது. அதற்குமேல் அலுவலகத்தில் யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மேடம் என்னிடம் கேட்டார்: "சர்வர்ல அந்த ஃபைலை யாராவது பார்த்திருக்க முடியுமா?"

"இப்ப என் கணக்கைத் தவிர யாராலயும் முடியாது மேடம்."

"பார்த்துச் சொல்லு."

"பார்க்கிறேன்."

ஜூன் 24, சனி

பார்த்தேன். நேரக் கணக்கில் ஏதோ குழப்பம். திங்களன்று மறுபடி பார்க்க வேண்டும்.

ஜூன் 26, திங்கள்

நேரக் கணக்கில் குழப்பம் இல்லை. சர்வர் கடிகாரம் உலக நேரத்தில் ஓடுகிறது. ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். கூட்டினால் ஜூன் 18, ஞாயிறு, காலை பத்தே முக்கால். என் கணக்கு. என் சாவி. எங்கள் வீட்டு இணைப்பின் எண். இல்லங்களின் கோப்பு ஒரே ஒரு தடவை திறக்கப்பட்டிருக்கிறது.

அந்த நேரத்தில் நான் கண் ஆஸ்பத்திரியில், சொட்டுமருந்து விட்ட அத்தையின் கண்ணில் பஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

தானாக இயங்கும் ஏதாவது நிரலாக இருக்கலாம். லேப்டாப் தூக்கத்திலிருந்து எழுந்து பழைய இணைப்பைப் புதுப்பித்திருக்கலாம். ஆனால் அது கோப்பைத் திறக்காது. எனக்குத் தெரிந்து திறக்காது.

காஜா அண்ணனை இன்றிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். விசாரணை முடியும்வரைதான் என்று மேடம் சொன்னார். சர்வரைப் பற்றிக் கேட்டார். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

ஜூன் 27, செவ்வாய்

பேக்கப் சரியாக ஓடியது. வேறொன்றும் இல்லை.

ஜூன் 28, புதன்

காஜா அண்ணன் வண்டிச் சாவியைக் கொடுக்க வந்தார். மாடிக்கு ஏறி வந்து என்னையும் பார்த்தார்.

"உக்காருங்கண்ணே."

"இருக்கட்டும்மா. வண்டியில பின்டயர் காத்து எறங்குது, வர்றவன்கிட்டச் சொல்லிடு."

"அண்ணே, அவங்க உங்களைச் சந்தேகப்பட்டு..."

"படட்டும்மா. ஆறு வருஷமா எத்தனையோ பொண்ணுங்களைக் கொண்டுபோய் விட்டிருக்கேன். ஒருத்தி பேரை வீட்டுல சொன்னதில்ல. இப்ப வீட்டுல கேக்கறாங்க, ஏன் நிறுத்திட்டாங்கன்னு. என்னத்தைச் சொல்றது, அதையும் சொல்ல முடியாதுல்ல." கொஞ்சம் நின்றார். "அந்தப் புள்ள கெடைச்சிட்டா எனக்கு ஒரு போன் பண்ணும்மா."

படியிறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கூப்பிட்டிருக்கலாம். கீழே வீட்டுக்காரர் வந்து ஹாரன் அடித்தார். நான் லேப்டாப்பைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினேன்.

ஜூன் 30, வெள்ளி

நேற்று மாலை கேட்டுவிட்டேன். வார்த்தை மாறாமல் எழுதி வைக்கிறேன். நாளைக்கே இதை நான் வேறு மாதிரி நினைத்துக்கொள்ள ஆரம்பித்துவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும்.

அவர் தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை அவர்தான் ஊற்றுவார்.

"போன ஞாயித்துக்கு முந்தின ஞாயிறு, நான் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தப்ப என் லேப்டாப்பை எடுத்தீங்களா?"

"எடுத்தேன். ஏன்?"

"அதுல ஆபீஸ் சர்வர் இருக்கு."

"தெரியும். நான் போட்டுக் குடுத்த லேப்டாப்தானே."

லேப்டாப், செல்போன் பழுது பார்க்கும் கடைதான் அவருக்கு. என் லேப்டாப்பின் கடவுச்சொல், போனின் கடவுச்சொல் எல்லாம் எங்கள் கல்யாணத் தேதி. அவர் வைத்தது. மாற்றத் தோன்றியதில்லை. மாற்றினால் ஏன் என்று கேட்பார்.

"எதுக்குப் பார்த்தீங்க?"

"அந்த வெள்ளிக்கிழமை மூணு மணி நேரம் போன் எடுக்கல நீ. ஆபீஸ்லதான் இருக்கறதா காட்டுது, ஆனா எடுக்கல. சாயங்காலம் பார்த்தா செருப்பு பூரா செம்மண்ணு. மீட்டிங்னு சொல்ற. மனுஷன் என்ன நினைப்பான்? திறந்து பார்த்தா நாலு அட்ரஸ். செம்மண்ணுன்னா புதுக்கோட்டைதான், அதுக்கு நேரா ஜான்சன்னு ஒருத்தன் நம்பர்."

"அவர் கேபிள்காரர்."

"இப்பத் தெரியுது. அப்ப எனக்கு எப்படித் தெரியும்? பரணிக்கு அங்கதான் கடை. போய் யார் இருக்காங்கன்னு பார்த்துட்டு வாடான்னேன். அவ்வளவுதான்."

பரணி அவருடைய பழைய கூட்டாளி. எங்கள் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவன். வீட்டைப் பார்த்திருக்கிறான், மொட்டைமாடியில் துணி உலர்த்திய பெண்ணைப் பார்த்திருக்கிறான், வாட்ஸப் படத்தோடு சேர்த்துப் பார்த்திருக்கிறான்.

"அவன்தான் அந்தப் பொண்ணு மாமனுக்குச் சொன்னான். நான் சொல்லச் சொல்லல. ஆனா அதுல தப்பு என்ன வசு? பெத்தவங்ககிட்டதானே போய்ச் சேர்ந்திருக்கா."

"உங்களுக்கு இது எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே."

"பாக்கியம் அக்காவுக்குக் கை ஒடிஞ்சிருக்கு."

"அது பாவம்தான்" என்றார். தோசையைத் திருப்பிப் போட்டார். "உனக்கு முறுகலா வேணுமா?"

மூன்று தோசை சாப்பிட்டேன். அவர் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஆபீஸில் யாரிடமும் சொல்ல வேண்டாம், வேலை போய்விடும், உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்றார். என் தலையைத் தடவினார்.

இப்போது மணி பத்து. மேடம் வந்துவிட்டார். போகிறேன்.

அதே நாள், மாலை

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"சனிக்கிழமை."

"இன்னிக்கு வெள்ளி."

"ஆமா மேடம்."

"காஜாவை நான் திங்கக்கிழமை நிறுத்தினேன்."

மேடம் எழுந்து மின்விசிறியைக் குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். கேள்விதான் கேட்டார்.

"அடிப்பாரா?"

"இல்ல மேடம். ஒரு தடவைகூட இல்ல. நல்லா பார்த்துக்குவார்."

"உன் போனோட பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்?"

"அவருக்குத் தெரியும்."

"சம்பளக் கார்டு யார்கிட்ட இருக்கு?"

"அவர்கிட்டதான். எனக்கு வேணும்னா கேட்டு வாங்கிக்குவேன்."

"அம்மா வீட்டுக்குக் கடைசியா எப்பத் தனியாப் போன?"

யோசித்துப் பார்த்தேன். தம்பி கல்யாணத்துக்கு. அதற்கும் அவர் வந்தார். தனியாக என்றால் ஞாபகமில்லை.

"அவருக்குத் தெரியாம பேசற ஃப்ரெண்டு யாராவது இருக்காங்களா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவை புதிதாக வருகிறவர்களிடம் நாங்கள் கேட்கும் கேள்விகள். சேர்க்கைப் படிவத்தில் இதே வரிசையில் இருக்கும். அந்தப் படிவத்தைக் கணினியில் ஏற்றியது நான்தான்.

"மேடம், நான் அந்த மாதிரி இல்ல."

"யாரும் அந்த மாதிரி இல்லம்மா" என்றார். பிறகு, "அருள்குமார் நீதிமன்றத்துல மனு போட்டிருக்கான். எப்படிக் கண்டுபிடிச்சாங்கன்னு நீ எழுதிக் குடுத்தா பரணியைப் பிடிப்பாங்க, அவனைப் பிடிச்சா காரைப் பிடிப்பாங்க. உன் புருஷன் பேரும் அதுல வரும். யோசிச்சுச் சொல்லு. ஆனா அந்தப் பொண்ணை எங்க வெச்சிருக்காங்கன்னு நமக்குத் தெரியாது. உயிரோட இருக்காளான்னும் தெரியாது."

எழுதிக் கொடுத்தேன். அவர் பெயரை எழுதும்போது திரு. தயாளன் என்று எழுதிவிட்டேன். அப்படியே விட்டுவிட்டேன்.

மேடம் பக்கத்தில் நிற்க, சர்வரில் என் கணக்கைக் குழுவிலிருந்து நீக்கினேன். சாவியை எடுத்தேன். கணக்கைப் பூட்டினேன். நவநீதனிடம் போனில் பேசி, சென்னையில் அவருக்குத் தெரிந்த ஒருவர் பார்த்துக்கொள்ள ஏற்பாடு. கோப்பிலிருந்த குறிப்புகளை அதற்கு முன்பே அழித்துவிட்டேன். அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

ஐந்தரைக்கு அவர் கீழே வந்து நின்றார். ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். வண்டிக் கைப்பிடியில் பூப்பொட்டலம் தொங்கியது. இரண்டு தடவை ஹாரன் அடித்தார். பிறகு மேடத்தின் மேசையில் கிடந்த என் போன் அடிக்க ஆரம்பித்தது. நின்றது. மறுபடி அடித்தது. கஸ்தூரி அக்கா பின்வாசலில் ஆட்டோ கொண்டுவந்து நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்தார்.

"வா."

"அக்கா, அவர் வெயில்ல நிக்கிறார்."

"தெரியும். வா."

நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ஜூலை 2, ஞாயிறு

இல்லத்தில். எந்த ஊர் என்று எழுதக் கூடாது. நான்கு பேர் ஓர் அறையில். என்னை இங்கே செல்வி என்று கூப்பிடுகிறார்கள். கூப்பிட்டால் திரும்ப மறந்துவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் எழுதுவது இதுதான் முதல் தடவை.

ஜூலை 5, புதன்

வெங்காயம் உரித்தேன். அவர் தினமும் ஹெல்ப்லைனுக்குக் கூப்பிடுகிறாராம். அழுகிறாராம். இரத்தக் கொதிப்பு மாத்திரை எங்கே வைத்திருக்கிறேன் என்று கேட்டாராம். அலமாரியில், குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஜூலை 8, சனி

பரணியைப் பிடித்து விசாரித்தார்களாம். அவரையும் ஒரு நாள் ஸ்டேஷனில் உட்கார வைத்து அனுப்பியிருக்கிறார்கள். சாப்பிட்டாரா தெரியவில்லை.

ஜூலை 14, வெள்ளி

கௌசிகாவை நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். உயிரோடு இருக்கிறாள்.

மேடம் நேரில் வந்து சொன்னார். பச்சைப் புடவை கட்டியிருந்தாளாம், தலை நிறையப் பூ வைத்து அழைத்து வந்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் சித்திமார். எதிர்வரிசையில் அருள்குமார். நீதிபதி கேட்டதற்கு, என் விருப்பப்படிதான் போனேன், பெற்றோரோடு இருக்கவே விரும்புகிறேன் என்று சொல்லிவிட்டாள். மறுபடி கேட்டார்கள். அதையே மறுபடி சொன்னாள். அருள்குமார் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மேஜரான பெண், அவள் விருப்பம் என்று மனுவை முடித்துவிட்டார்கள்.

"நான் எழுதிக் குடுத்தது?"

"அதனாலதான் அவளைக் கோர்ட்டுக்காவது கொண்டு வந்தாங்க" என்றார் மேடம்.

"ஒரு வாரம் முன்னாடியே நான் சொல்லியிருந்தா?"

மேடம் தண்ணீர் குடித்துவிட்டு, காஜா அண்ணனைப் பற்றிச் சொன்னார். மேடமே அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். டீ கொடுத்தாராம். திரும்ப வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். அந்தப் பெண் கிடைத்தால் தனக்கு போன் செய்யும்படி காஜா அண்ணன் சொல்லியிருந்தார். என்னிடம் போன் இல்லை. மேடம் போனைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஜூலை 18, செவ்வாய்

மழை. யாருடைய துணியோ நனைந்துகொண்டிருந்தது. எடுத்து உள்ளே போட்டேன்.

ஜூலை 23, ஞாயிறு

நேற்றைய இடியில் இல்லத்து ரூட்டர் கருகிவிட்டது. புதிய பெட்டி காலையில் வந்தது. காப்பாளர் அக்காவுக்கு அதையெல்லாம் தொட பயம். சென்னையிலிருந்து புதிதாகச் சர்வரைப் பார்த்துக்கொள்கிறவர் லைனில் இருக்கிறார், கொஞ்சம் பேசு செல்வி என்று போனை என் கையில் கொடுத்தார்.

சின்னப் பையன் குரல். பொறுமையாகத்தான் பேசினான்.

"மேடம், பயப்படாதீங்க. பெட்டிக்குப் பின்னாடி நாலஞ்சு ஓட்டை இருக்கும். அதுல ஒண்ணு மட்டும் வேற கலர்ல இருக்கும், பாருங்க."

"இருக்குங்க."

"வெளியில இருந்து வர்ற வயரை அதுல சொருகுங்க. டக்குன்னு சத்தம் வரும்."

"வந்துடுச்சுங்க."

அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான். நான் சொன்னபடி செய்தேன். அடுத்து என்ன சொல்வான் என்று தெரிந்தும் அவன் சொல்லும்வரை கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். நடுவில் அவன் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. தனக்குத்தானே சலித்துக்கொண்டான்.

"என்னங்க?"

"ஒண்ணும் இல்ல மேடம். இந்தப் பக்கம் சர்வர்ல, முன்னாடி இருந்தவங்க ஒவ்வொரு ஃபைலையும் இறுக்கி இறுக்கி வெச்சிருக்காங்க. எதைத் தொட்டாலும் அனுமதி இல்லைங்குது. இப்போதைக்கு எல்லாத்தையும் திறந்து விட்டுட்டு அப்புறம் பார்த்துக்கலாம்னு இருக்கேன்."

"திறந்து விடாதீங்க."

தட்டச்சு சத்தம் நின்றது.

"என்ன மேடம்?"

"உங்க கணக்கைக் குழுவுல சேர்த்துட்டு, வெளிய வந்து திரும்ப உள்ள போங்க. படிக்க முடியும். எழுதணும்னா மட்டும் ரூட்டாப் போங்க. மத்தவங்களுக்குத் திறக்காதீங்க."

தட்டச்சு சத்தம். பிறகு, "வந்துடுச்சு" என்றான். குரல் மாறியிருந்தது. "மேடம், நீங்க இந்த ஃபீல்டா?"

அறை வாசலில் காப்பாளர் அக்கா நின்றுகொண்டிருந்தார். இங்கே இருப்பவர்கள் போனில் தங்களைப் பற்றி எதுவும் சொல்லக் கூடாது.

"இல்லங்க" என்றேன்.

"சரிங்க மேடம். பச்சை விளக்கு எரியுதா?"

"எரியுது."

"அப்ப முடிஞ்சுது. ரிஜிஸ்டர்ல போடணும், உங்க பேர் சொல்லுங்க."

"பேர் வேண்டாங்க. இல்லத்துல இருக்கறவங்கன்னு போட்டுக்குங்க."